மூன்று வயது மகளை இருமொழி மாண்டிசோரிப் பாலர் பள்ளியில் சேர்க்கலாமா?

கோலாலம்பூரில் வசிக்கிறோம், மகளுக்கு மூன்று வயது நிறைந்துவிட்டது, இருமொழி மாண்டிசோரி என்று பலகை மாட்டியிருக்கும் பாலர் பள்ளிகளுள் எதை நம்பிச் சேர்ப்பது, சேர்த்தால் தமிழ் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். செந்தூலில் வசிக்கும் நான் ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு அலைந்தவள்; முதலில் தவறான இடத்தில் சேர்த்து, ஏழு மாதங்களில் வெளியே எடுத்து, வேறோர் இடத்துக்கு மாற்றியவள். மகள் இப்போது தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

மாண்டிசோரி என்னும் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். மரியா மாண்டிசோரி என்ற இத்தாலிய மருத்துவர் 1907-ஆம் ஆண்டு ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில், வேலைக்குச் செல்லும் ஏழைப் பெற்றோரின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இல்லத்தில் உருவான குழந்தைக் கல்வி முறை அது. 1929-இல் அவர் நிறுவிய பன்னாட்டுச் சங்கம் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் அளிக்கிறதே தவிர, தெருவோரப் பெயர்ப்பலகைகள் அதன் பிடியில் இல்லை. (அந்த அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்று சொன்னதும், அதுவரை முகம் சுளித்துக்கொண்டிருந்த என் மாமனார், "அப்படியென்றால் நம் ஊர் பார்த்த முறைதான்" என்று சம்மதித்துவிட்டார்.)

ஆகவே வகுப்பறைக்குள் சென்று பாருங்கள். நாங்கள் முதலில் சேர்த்த இடத்தில் இளஞ்சிவப்புக் கோபுரம் என்னும் மாண்டிசோரிப் பொருள் இருந்தது. ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரையிலான பத்து மரக் கனசதுரங்கள், துடைத்துப் பளபளப்பாக, கண்ணாடி அலமாரியில் பூட்டப்பட்டிருந்தன. குழந்தைகளோ அரை மணிக்கு ஒரு பாடம் என்று பயிற்சித்தாள்களை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். இம்முறையில் பொருள்கள் குழந்தையின் கைக்கு எட்டும் திறந்த அலமாரியில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று இருக்கும், வேண்டுமென்றால் மற்றவள் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். காலையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் இடையூறின்றித் தானே தேர்ந்தெடுத்த வேலையைச் செய்ய விட வேண்டும். மூன்று முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகள் ஒரே அறையில் கலந்திருக்க வேண்டும். ஒரு காலைப்பொழுது மூலையில் அமர்ந்து கவனிக்க அனுமதி கேளுங்கள். அனுமதி மறுக்கும் இடத்தைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இந்த வயதுக் கலப்பில் நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வைத்திருக்கும் இடம் தாஸ்காவாக (குழந்தைப் பராமரிப்பு மையமாக) சமூக நலத்துறையிடமும், நான்கு வயதிலிருந்து சேர்க்கும் இடம் தாடிக்காவாக (பாலர் பள்ளியாக) கல்வியமைச்சிடமும் பதிவு பெற வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையை எந்தப் பதிவின் கீழ்ச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டுச் சான்றிதழைப் பார்த்துவிடுங்கள். கட்டணத்தில் மாதத் தொகையோடு பதிவுக் கட்டணம், வைப்புத்தொகை, பொருள் கட்டணம் ஆகியவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

இருமொழி என்பதுதான் அதிகம் ஏமாற்றும் சொல். இரண்டாம் மொழியை வாரத்தில் மூன்று முறை பாட்டாகவும் படஅட்டையாகவும் நடத்திவிட்டு அப்பெயரைச் சூட்டிக்கொள்ளும் இடங்களை நான் பார்த்தேன். குழந்தை தண்ணீரைக் கொட்டிவிட்டால், தோழியோடு சண்டையிட்டால், சப்பாத்து மாட்ட வராமல் அழுதால், ஆசிரியர் எந்த மொழியில் பேசுகிறார் என்று கவனியுங்கள். நாங்கள் மாறிய இடத்தில் ஓர் ஆசிரியர் ஆங்கிலத்தில் மட்டும், மற்றவர் மலாயில் மட்டும் நாள் முழுவதும் பேசினார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் மொழிபெயர்க்கவே இல்லை. முதல் இரண்டு மாதங்கள் மகள் அங்கே வாயே திறக்கவில்லை. பிறகு ஆளுக்கேற்ற மொழியில் பதில் சொல்லத் தொடங்கினாள்.

எழுத்தை எந்த வரிசையில் அறிமுகப்படுத்துகிறார்கள் என்பதையும் கேளுங்கள். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்வதுதான் இம்முறையின் வழக்கம். ஆங்கிலமும் மலாயும் ஒரே எழுத்துகளை வெவ்வேறு விதமாக ஒலிப்பதால் இங்கே குழப்பம் நேரும். பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் மூன்று எழுத்துகளை என் மகள் ஒருநாள் "சாட்" என்று வாசித்தாள். மலாயில் அதே மூன்று எழுத்துக்குச் சுவருக்கு அடிக்கும் சாயம் என்று பொருள். ஒரு மொழியின் ஒலிகள் நிலைபெற்ற பிறகே மற்றதைத் தொடங்குவோம் என்று சொல்லும் ஆசிரியர் விஷயம் தெரிந்தவர்.

ஆங்கிலமும் சீனமுமா, ஆங்கிலமும் மலாயுமா என்பது அடுத்து எந்தப் பள்ளிக்கு அனுப்பப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தமிழ்ப்பள்ளிக்கு என்றால், அங்கே மலாயும் ஆங்கிலமும் கட்டாயப் பாடங்கள் என்பதால், இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். சீனப்பள்ளி என்றால் கணக்கு வேறு.

தமிழுக்கு வருவோம். அந்த இரண்டு மொழிகளில் தமிழ் இருக்கப்போவதில்லை என்றால், அதைப் பள்ளியிடம் எதிர்பார்க்காமல் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். என் மாமியார் இரும்புக்கடையில் உப்புத்தாள் வாங்கி, ட, ப, ம என்று கோடு எளிதான எழுத்துகளை முதலில் வெட்டி அட்டையில் ஒட்டினார். நாளுக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. 247 எழுத்துகளையும் வெட்ட வேண்டியதில்லை. உயிரும் அகர வரிசையும் பழகி, கால், கொம்பு போன்ற குறிகளைத் தனி அட்டைகளாகச் செய்து சேர்த்துக் காட்டியபோது மற்றவற்றை அவளே கூட்டிப் படித்தாள். வீட்டில் தமிழ் மட்டும் பேசுவது என்ற கட்டுப்பாட்டை நானும் கணவரும்தான் அடிக்கடி மீறினோம்.

முதல்முறை பார்க்கப் போகும்போது மகளை அழைத்துச் செல்லாதீர்கள். எங்கள் மகள் முற்றத்துச் சறுக்கு மரத்தைக் கண்டதும் இறங்க மறுத்துவிட்டாள். அலமாரியின் பூட்டைக் கவனிக்காமல் அன்றே பணம் கட்டிவிட்டு வந்தோம்.