அமெரிக்காவில் இராணுவ வீரரின் இறுதிச் சடங்குக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் கொடியோடு வருவது ஏன்?

இறந்த இராணுவ வீரரின் உடலை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் கொடியுடன் செல்லும் காணொளியைப் பார்த்துவிட்டு, இது அரசு செய்யும் ஏற்பாடா, ஏதாவது கட்சிக்காரர்களா, இவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். அரசுக்கும் கட்சிக்கும் இதில் தொடர்பில்லை. காணொளிகளில் பெரும்பாலும் காணப்படுபவர்கள் ‘பேட்ரியட் கார்டு ரைடர்ஸ்’ என்ற அமைப்பினர். கான்சஸ் மாநிலத்தில் விமானத் தொழிற்சாலைகள் நிறைந்த விச்சிட்டா நகரில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். இந்த வழக்கத்துக்கு வித்திட்ட மல்வேன் என்ற சிற்றூர் இங்கிருந்து அரை மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது. அவர்களோடு கொடி பிடித்து நின்றிருக்கிறேன் என்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

இது தொடங்கியதற்கு இதே கான்சஸின் டொபீகா நகரில் உள்ள வெஸ்ட்பரோ பாப்டிஸ்ட் சர்ச்தான் காரணம். 1955-ல் ஃப்ரெட் ஃபெல்ப்ஸ் என்பவர் தொடங்கிய, பெரும்பாலும் அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே உறுப்பினர்களாக உள்ள மிகச் சிறிய சபை அது. ஓரினச் சேர்க்கையை அமெரிக்கா சகித்துக்கொள்வதால் கடவுள் அந்நாட்டைத் தண்டிக்கிறார், ஈராக்கில் வீரர்கள் சாவது அந்தத் தண்டனையின் ஒரு பகுதி என்பது அவர்கள் பரப்பிய கருத்து. அதை 2005 முதல் வீரர்களின் இறுதிச் சடங்கு நடக்கும் இடங்களுக்கே போய், பெற்றோரும் மனைவி மக்களும் பார்க்கும்படி பதாகை பிடித்துச் சொல்லத் தொடங்கினார்கள். அந்தப் பதாகைகளில் இருந்ததையெல்லாம் இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. வீரர்கள் செத்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லும் வாசகமும் அவற்றில் ஒன்று என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

மகனைப் பறிகொடுத்து நிற்கும் தாயின் எதிரே அப்படி ஒரு பதாகையைக் காட்டினால் யாருக்கும் கை ஓங்கத்தான் தோன்றும். ஆனால் பொது இடத்தில் பதாகை பிடிப்பதை, பேச்சுரிமை தரும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் பாதுகாக்கிறது. ஃபெல்ப்ஸ் குடும்பத்தில் வழக்கறிஞர்களுக்கும் பஞ்சமில்லை என்பதால், அவர்கள்மேல் கை வைத்தால் வைத்தவர்தான் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும். அந்த நிலையில்தான் மல்வேனில் ‘அமெரிக்கன் லீஜியன்’ என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தின் 136-ஆம் கிளையைச் சேர்ந்த பைக் ஓட்டிகள் கூடிப் பேசி, அடிதடி இல்லாமல், குடும்பத்துக்கும் எதிர்ப்பாளர்களுக்கும் நடுவே கொடிகளுடன் நின்று மறைத்துவிடுவது என்று முடிவெடுத்தார்கள். 2005 அக்டோபரில் ஒக்லஹோமாவின் செல்சி என்ற ஊரில் நடந்த இறுதிச் சடங்கில் இப்படித் திரண்டு நின்றார்கள். அடுத்த சில வாரங்களில் அது நாடு தழுவிய அமைப்பாகிவிட்டது.

அவர்கள் நிற்கும் முறையைச் சொல்ல வேண்டும். பதாகைக்காரர்களுக்கு முதுகைக் காட்டி, குடும்பத்தைப் பார்த்து நிற்பார்கள். பதில் கோஷம் கிடையாது, ஏறிட்டுப் பார்ப்பதும் கிடையாது. எதிர்த்தரப்பின் பாட்டும் கூச்சலும் அதிகமானால் எஞ்சினை முறுக்கி அந்தச் சத்தத்தில் அவற்றை அமுக்கியதும் உண்டு. பைக் இங்கே வெறும் வாகனமாக இல்லாமல் கருவியாகவே பயன்பட்டது அந்தக் காலத்தில்தான்.

இந்த அமைப்பின் விதிகளில் நான் மிகவும் மதிப்பது, குடும்பம் அழைத்தால் மட்டுமே போவது என்பதைத்தான். நல்லதுக்கு அழைத்தால் போ, கெட்டதுக்கு அழைக்காமலே போ என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது முதலில் விசித்திரமாகத் தோன்றும். இழவு வீட்டுக்கு யாராவது அழைப்புக்குக் காத்திருப்பார்களா? ஆனால் முன்பின் தெரியாத இருநூறு பேர் பைக்கில் வந்து இறங்குவதும், அழைக்காமலே பதாகையோடு வந்து நிற்பதும் அந்தக் குடும்பத்துக்கு ஒரே மாதிரியான தொல்லையாகிவிடக்கூடும் என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருக்கிறார்கள். குடும்பம் வேண்டாம் என்றால் அத்தோடு சரி, மறுபேச்சில்லை.

பதாகைக்காரர்களைச் சட்டத்தின் மூலம் தடுக்கவும் முயற்சி நடந்தது. தேசியக் கல்லறைத் தோட்டங்களின் வாயிலிலிருந்து 300 அடிக்குள், சடங்குக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை ஆர்ப்பாட்டம் கூடாது என்ற சட்டம் 2006 மே மாதம் வந்தது. 2012-ல் அந்த ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரமாக நீட்டப்பட்டது. நடுவே வந்ததுதான் ஸ்னைடர் எதிர் ஃபெல்ப்ஸ் வழக்கு. 2006 மார்ச்சில் மேரிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு மரைன் வீரரின் இறுதிச் சடங்கு நடந்தபோது, சடங்கு நடந்த சர்ச்சிலிருந்து சுமார் 1000 அடி தள்ளி, காவல்துறை காட்டிய பொது இடத்தில் வெஸ்ட்பரோவினர் நின்றார்கள். ஊர்வலத்தில் சென்ற தந்தைக்குப் பதாகைகளின் மேல்விளிம்பு மட்டுமே தெரிந்தது. அவற்றில் எழுதியிருந்ததை அன்றிரவு தொலைக்காட்சிச் செய்தியில்தான் பார்த்தார். அவர் தொடுத்த வழக்கில் ஜூரி 1 கோடியே 9 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது, நீதிபதி அதை 50 லட்சமாகக் குறைத்தார், மேல்முறையீட்டு நீதிமன்றம் முழுவதையும் தள்ளுபடி செய்ததோடு எதிர்த்தரப்பின் செலவாக 16,000 டாலருக்கு மேல் அந்தத் தந்தையே கட்ட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 2011 மார்ச் 2 அன்று உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் வெஸ்ட்பரோவுக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி அலிட்டோ ஒருவர்தான் மாறுபட்டார்.

தீர்ப்பைப் படித்தபோது வயிறு எரிந்தது. இருந்தாலும், மக்களுக்கு அருவருப்பான பேச்சை அடக்கும் அதிகாரம் அரசின் கைக்குப் போனால் அது எங்கே போய் நிற்கும் என்பதை எண்ணும்போது, அந்த எட்டுப் பேர் சொன்னது சரிதான் என்றே நினைக்கிறேன். நீதிமன்றம் கைவிரித்த அந்த இடத்தில் குடிமக்கள் தாங்களாகவே, ஒருவர்மேலும் விரல் படாமல் செய்யக்கூடியது ஒன்று இருந்தது என்பதால்தான் மல்வேன்காரர்களின் யோசனை எனக்கு இவ்வளவு பெரிதாகப் படுகிறது.

ரைடர்ஸ் அமைப்பினரில் பலர் வியட்நாம் போரில் இருந்தவர்கள், எழுபது வயதைக் கடந்தவர்கள். ஊர் திரும்பிய நாளில் தங்களை வரவேற்க யாரும் இல்லை என்பதை இன்றும் மறக்காதவர்கள். அதற்காக எல்லோரும் போரை ஆதரிப்பவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஈராக் போரே தவறு என்று சொன்னவர்களோடு நான் ஒரே வரிசையில் நின்றிருக்கிறேன். உங்கள் அரசியல் என்ன என்று இந்த அமைப்பு கேட்பதில்லை. இராணுவத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை, பைக்கே வேண்டும் என்பதுமில்லை. நான் காரில்தான் போகிறேன்.

கொடி வரிசையில் நிற்பது பார்ப்பதற்குத்தான் எளிது. மூன்றடிக்கு ஐந்தடி கொடி, ஆளைவிட உயரமான கம்பு, அதன்மேல் கான்சஸ் காற்று. கம்பின் அடியைக் காலோடு அணைத்து, இரண்டு கையாலும் பிடித்தாலும் துணி சுழன்று பக்கத்தில் நிற்பவர் முகத்தில் அடிக்கும். அனுபவப்பட்டவர்கள் கொடியின் கீழ்முனையைக் கம்போடு சேர்த்து ஒரு கையால் இறுக்கிக்கொள்வார்கள். அதைச் சொல்லிக்கொடுத்தவர் எனக்குப் பக்கத்தில் நின்ற முன்னாள் கடற்படைக்காரர் ஒருவர். அன்றைய அணியை நடத்தும் ‘ரைடு கேப்டன்’ தணிந்த குரலில் சொன்னதும் வரிசை முழுவதும் விறைப்பாகும். சவப்பெட்டி கடந்து போகும் வரை ஒருவரும் அசைய மாட்டார்கள்.

ஃப்ரெட் ஃபெல்ப்ஸ் 2014-ல் இறந்தார். பதாகைக்காரர்களை இப்போது இத்தகைய சடங்குகளில் பார்ப்பது அரிது. எந்தக் காரணத்துக்காகத் தொடங்கினார்களோ அது ஏறக்குறைய மறைந்துவிட்ட பிறகும் இவர்கள் நிற்பதை நிறுத்தவில்லை என்பதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியமான பதில். இன்று அவர்கள் போவதில் பெரும்பகுதி, போர்க்களத்தில் இறந்தவர்களுக்காக அல்லாமல் முதுமையில் இறக்கும் முன்னாள் வீரர்களுக்காக. அவர்களிலும், உரிமை கோர ஆளில்லாமல் சாம்பல் கலசமாக ஈமச்சடங்கு நிலைய அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்கள் உண்டு. விச்சிட்டாவுக்குத் தென்கிழக்கே வின்ஃபீல்டில் முன்னாள் வீரர்களுக்கான மாநிலக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே அப்படி ஒருவரின் அடக்கத்துக்குப் போயிருந்தேன். சட்டப்படி இராணுவத்திலிருந்து சீருடையில் குறைந்தது இருவர் வர வேண்டும், இருவர் வந்தார்கள். எக்காளம் வாசிக்கத் தெரிந்தவர்கள் போதாததால், உள்ளே சிறிய ஒலிபெருக்கி பொருத்திய எக்காளத்தை ஒருவர் உதட்டில் வைத்துக்கொள்ள, இராணுவ இறுதிச் சடங்குகளில் வாசிக்கப்படும் ‘டாப்ஸ்’ இசை பதிவிலிருந்து ஒலித்தது. பிறகு கொடியை நீலப்பகுதி வெளியே தெரியும்படி முக்கோணமாக மடித்தார்கள். மனைவியோ மகனோ வாங்க வேண்டிய கொடி அது. ரைடர்ஸில் மூத்தவரான ஒரு பெண்மணி முன்னே போய் இரு கைகளையும் நீட்டி அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவர் வராதிருந்தால் அந்தக் கொடியைக் கொடுக்கவே ஆள் இருந்திருக்காது.

நீங்களும் அமெரிக்காவில் இருந்து, ஒருமுறை போய் நிற்க விரும்பினால், மாநில வாரியாக அறிவிப்புகளை அவர்களுடைய தளத்தில் காணலாம்; சந்தா கிடையாது. குறிப்பிட்ட நேரத்துக்கு அரை மணி முன்பே போய் ரைடு கேப்டனிடம் புதியவர் என்று சொல்லிவிடுங்கள், கொடியும் நிற்க வேண்டிய இடமும் அவர் தருவார். கைபேசியை அணைத்து வையுங்கள், படம் எடுக்காதீர்கள், குடும்பத்தார் தாங்களாக வந்து பேசினாலொழிய அவர்களிடம் போய்ப் பேச வேண்டாம். குளிர்காலமாக இருந்தால் கையுறை கட்டாயம். உலோகக் கம்பை நெடுநேரம் வெறுங்கையால் பிடிக்க முடியாது.