செகோவியா இசைத்தட்டு வாங்குமுன்: கேள்வி-பதில்

கேள்வி: ஸ்பானியக் கிட்டார் மேதை ஆந்த்ரேஸ் செகோவியாவின் பதிவுகள் விதவிதமான தொகுப்புகளாக விற்கின்றன. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்கலாம்?

பதில்: தொகுப்பின் பெயரை நம்ப வேண்டாம். ‘சிறந்த’, ‘மகத்தான’ என்று எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்வார்கள். பின்னட்டையில் பதிவான ஆண்டைத் தேடுங்கள்.

1893இல் லினாரெஸில் பிறந்த செகோவியா, 1927 முதல் 1939 வரை எச்எம்வி என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக வாசித்தார். 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் ஸ்பெயினை விட்டு வெளியேறினார். உருகுவேயின் மொந்தெவிதேயோவில் சில ஆண்டுகள் வாழ்ந்தபின் நியூயார்க் போனார். 1940களின் நடுவிலிருந்து அவருடைய பதிவுகளில் பெரும்பாலானவை அமெரிக்க டெக்கா நிறுவனத்துக்குச் செய்தவை.

ஒன்றே ஒன்று என்றால் எச்எம்வி காலத்தையே வாங்குங்கள். 1927–39 பதிவுகளை இஎம்ஐ இரண்டு சிடிகளாக வெளியிட்டது, நாக்ஸாஸும் வெளியிட்டிருக்கிறது. காந்த நாடா வராத காலம். தவறினால் வெட்டி ஒட்ட வழியில்லை. தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்தாக வேண்டும். அந்த விரல்களின் வேகமும் துணிச்சலும் பிற்காலத்தில் அவரிடமே இல்லை. குறையும் உண்டு: 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நாலரை நிமிடத்துக்குமேல் அடங்காது. அதனால் பெரும்பாலும் சிறிய உருப்படிகள்தான். மெக்சிக இசையமைப்பாளர் மானுவேல் போன்சேயின் ‘ஃபோலியா’ மாறுபாடுகள் (ஒரே மெட்டைப் பலவிதமாக மாற்றி வாசிப்பது) போன்ற நீண்ட படைப்பு குறுகிப்போயிருக்கும். அடியில் ‘கரகர’ ஓசையும் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த ஓசை பொறுக்கவில்லை என்றால் டெக்கா காலத்துக்குப் போங்கள். டாய்ச்ச கிராமஃபோன் 2002இல் வெளியிட்ட 4 சிடி பெட்டி போதும். ஆனால் நாதம் வேறாக இருக்கும். பதிவுக் கருவி மட்டுமே அதற்குக் காரணம் அல்ல. இரண்டாம் உலகப் போருக்கு முன் அவர் மீட்டியது விலங்குக் குடலில் செய்த தந்தி. அந்தப் போர்க்காலத்தில் குடல் தந்திக்குத் தட்டுப்பாடு வந்தது. நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலான் தந்தி செய்ய, செகோவியா அதற்கு மாறினார். கிட்டாரும் மாறியது: 1937 முதல் ஜெர்மானியக் கைவினைஞர் ஹெர்மன் ஹவுசர் செய்ததுதான் அவருடைய முதன்மைக் கருவி. இரண்டு நாதங்களையும் அடுத்தடுத்துக் கேட்டால் எது எந்தக் காலம் என்று காதே சொல்லிவிடும்.

கேள்வி: செகோவியா வாசித்த ‘கொன்சியெர்தோ தே அரான்ஹுவெஸ்’ எல்பி (நீண்டநேர இசைத்தட்டு) இருப்பதாக ஒரு விற்பனையாளர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கிட்டாரும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் அந்தப் படைப்பை செகோவியா பதிவு செய்யவே இல்லை. 1940இல் பார்சிலோனாவில் அதை முதலில் வாசித்தவர் ரெஹீனோ சாயின்ஸ் தே லா மாசா. அதே இசையமைப்பாளர் ஹோவாக்கின் ரோத்ரிகோ, செகோவியாவுக்கென்று எழுதியது ‘ஃபந்தசியா பாரா உன் ஹெந்தில்ஓம்ப்ரே’. அது 1958இல் சான்பிரான்சிஸ்கோவில் அரங்கேறியது. என்ரிக்கே ஹோர்தா நடத்த, சிம்பொனி ஆஃப் தி ஏர் இசைக்குழுவோடு பதிவும் ஆனது. விற்பவர் இரண்டையும் குழப்பியிருக்கலாம். உறையின் படம் போதாது. தட்டின் நடுவிலுள்ள லேபிளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய உறைக்குள் வேறு தட்டு கிடப்பது சாதாரணம்.

கேள்வி: அமெரிக்க டெக்கா என்று நினைத்து வாங்கினேன், வந்தது பிரன்ஸ்விக். ஏமாற்றா?

பதில்: இல்லை. பிரிட்டனில் டெக்கா என்ற பெயர் வேறொரு நிறுவனத்திடம் இருந்தது. அதனால் அமெரிக்கப் பதிவுகள் அங்கே பிரன்ஸ்விக் லேபிளில் வந்தன. உள்ளே அதே வாசிப்புதான். கவனிக்க வேண்டியது வேறு: பழைய மோனோ (ஒற்றை ஒலித்தட) பதிவுகளைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கிய பிற்கால மறுபதிப்புகள். ஒற்றைக் கிட்டாரின் நாதம் அவற்றில் இரண்டாகக் கலைந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும். அவை விலை மலிவாக இருந்தாலும் மோனோ மூலத்தையே தேடுங்கள்.

கேள்வி: உறையில் இசையமைப்பாளர் வைஸ் என்று இருக்கும் ஏ மைனர் ‘சூட்’ (பல உருப்படிகளின் வரிசை), இன்னொரு சிடியில் போன்சே பெயரில் இருக்கிறதே?

பதில்: இரண்டும் ஒன்றுதான். 18ஆம் நூற்றாண்டு லூட் என்ற தந்தி வாத்தியக் கலைஞர் வைஸின் பாணியில் போன்சே எழுதியதை, செகோவியா வைஸின் பெயரிலேயே வாசித்துவந்தார். ஒன்றையே இரண்டு முறை வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: எச்எம்வியின் மூல 78 தட்டு (நிமிடத்துக்கு 78 முறை சுழல்வது) இரண்டு கிடைத்தது. எல்பி ஊசியிலேயே ஓட்டலாமா?

பதில்: கூடாது. ஸ்டீரியோ எல்பி ஊசிமுனையின் ஆரம் சுமார் 18 மைக்ரான். 78க்குச் சுமார் 75 தேவை. மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து அங்குள்ள தூசியைத்தான் வாசிக்கும். இசை பதிந்திருக்கும் பக்கச் சுவரைத் தொடாது. உங்கள் கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியைத் தாங்கும் பகுதி) 78 ஊசி தனியாகக் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

கழுவும்போது ஆல்கஹால் கலந்த திரவத்தைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். இவை அரக்கில் செய்தவை, அதுவும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போன அரக்கு. ஆல்கஹால் பட்டால் கரைந்து, பள்ளமே அழிந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி பாத்திரச் சோப்பு விட்டு, மென்மையான பிரஷால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, நல்ல நீரில் அலசி, நிழலில் நிமிர்த்தி உலர்த்துங்கள். நடுவிலுள்ள காகித லேபிள் நனையக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் கூடாது. கீழே இருப்பது விரிசல் விடும்.