மேனேஜர் 'கட் டு த சேஸ்' என்றால் கோபமா?

கேள்வி: துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கன்டெய்னர் ஏன் தாமதம் என்று மும்பை மேனேஜருக்குப் போனில் ஆங்கிலத்தில் விளக்கினேன். யார்டிலிருந்து வண்டி கிளம்பிய நேரம், காசிமேட்டில் நின்றது, டிரைவர் போனை எடுக்காதது என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே "லெட்ஸ் கட் டு த சேஸ்" என்றார். திட்டினாரா? நானும் இதைப் பயன்படுத்தலாமா?
- தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: திட்டவில்லை. "விஷயத்துக்கு வருவோம்" என்றிருக்கிறார். உங்கள் பக்கத்தில் "மேட்டருக்கு வா" என்பார்களே, அதுதான். கொஞ்சம் அவசரத்தில் இருந்திருப்பார், அவ்வளவே.

இது சினிமாக்காரர்களின் பேச்சு. 'சேஸ்' என்பது துரத்தல் காட்சி. ஹாலிவுட் மௌனப் படங்கள் பலவற்றில், முக்கியமாகக் காமெடிப் படங்களில், கடைசியில் ஒரு துரத்தல் இருக்கும். இழுவையை வெட்டிவிட்டு நேரே அங்கே போ என்பதுதான் 'கட் டு த சேஸ்'. 1929-ல் வந்த ஒரு நாவலிலேயே திரைக்கதைக் குறிப்பாக இது வருகிறது. அன்றாடப் பேச்சுக்கு வந்தது அதற்குப் பிறகு.

நீங்கள் "லெட் மீ கட் டு த சேஸ்" என்று தாராளமாகச் சொல்லலாம். மேலதிகாரியிடமோ கஸ்டமரிடமோ வெறுமனே "கட் டு த சேஸ்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதட்டுவது போல இருக்கும்.

சரி, இனி உங்கள் போன் பேச்சு. நீங்கள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை, வரிசைதான் மாற வேண்டும். நடந்ததை முதலிலிருந்து சொல்லி முடிவைக் கடைசியில் சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. வீட்டுத் திண்ணையில் அது அழகாகத்தான் இருக்கும். மும்பையில் இருப்பவருக்கோ கட் ஆஃப் நேரத்துக்குள், அதாவது கப்பலுக்கான கன்டெய்னரைத் துறைமுகம் ஏற்றுக்கொள்ளும் கடைசி நேரத்துக்குள், அது கேட் இன் ஆகுமா (துறைமுக வாசலுக்குள் போய்விடுமா), ஆகாதா என்பது முதலில் தெரிந்தாக வேண்டும். ஆகவே இப்படித் தொடங்குங்கள்: "சார், த கன்டெய்னர் வில் மிஸ் டுடேஸ் கட் ஆஃப். கேன் வி ஆஸ்க் த ஷிப்பிங் லைன் ஃபார் மோர் டைம்?" அப்புறம் ஒரே வரியில் காரணம்: "த டிரெய்லர் இஸ் ஸ்டக் இன் த க்யூ அட் ஜீரோ கேட்." டிரைவர் விஷயம் அவராகக் கேட்டால் போதும்.

முடிவு தெரியாத நேரத்தில் போன் வந்தாலும் இதே வரிசைதான். "ஐ வில் கன்ஃபர்ம் பை ஃபோர், சார்" என்று முதலில் சொல்லிவிடுங்கள், நிலவரத்தைப் பிறகு சொல்லலாம். மறுபடியும் அவர் "கட் டு த சேஸ்" என்றால் சாரி கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். "ஷ்யூர், சார்" என்று சொல்லி அந்த முதல் வாக்கியத்துக்குப் போய்விடுங்கள்.