அலுவலக மின்னஞ்சலும் சொந்தக் கைப்பேசியும்

கேள்வி: ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்கள் அலுவலக மின்னஞ்சல் மைக்ரோசாஃப்ட் 365-இல் இயங்குகிறது. என் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கும் மெயில் செயலியில் அந்தக் கணக்கைச் சேர்க்க முயன்றால், கணினியில் சரியாக வேலை செய்யும் அதே கடவுச்சொல்லைத் தவறு என்கிறது. அவுட்லுக் செயலியோ 'கம்பெனி போர்ட்டல்' என்ற இன்னொரு செயலியையும் நிறுவச் சொல்கிறது. அதை நிறுவினால் என் புகைப்படங்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அலுவலகத்தார் பார்த்துவிடுவார்கள் என்று தோழிகள் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?
- வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் கடவுச்சொல்லில் பிழை இருக்காது, அதைக் கேட்கும் முறைதான் காலாவதியாகிவிட்டது. பழைய மெயில் செயலிகள் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் தாங்களே வாங்கிச் சர்வருக்கு அனுப்பி உள்ளே நுழைந்தன. கடவுச்சொல் திருடுவோருக்கு அது மிகவும் தோதாக இருந்ததால், 2022 அக்டோபர் 1 முதல் மைக்ரோசாஃப்ட் அந்த வழியைப் படிப்படியாக அடைத்தது. இப்போது செயலி மைக்ரோசாஃப்டின் உள்நுழைவுப் பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும். அங்கே நீங்கள் கடவுச்சொல்லைத் தட்டி, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் முடித்த பிறகே மின்னஞ்சல் வந்து சேரும். உங்கள் செயலி கடவுச்சொல்லைக் கேட்கும் இடத்திலேயே சர்வர் பெயர், போர்ட் 993 என்றெல்லாம் நிரப்பச் சொன்னால், அது பழைய வழியில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று பொருள். அதனுடன் மல்லுக்கட்டாமல் அவுட்லுக்கையே பயன்படுத்துங்கள்.

இனி, உங்கள் தோழிகளின் அச்சத்துக்கு வருவோம். கம்பெனி போர்ட்டல் என்ற பெயரே மிரட்டுகிறது என்பது உண்மைதான். ஆனால் அதை அலுவலகங்கள் இரண்டு விதமாகப் பயன்படுத்துகின்றன. முதல் விதத்தில் அந்தச் செயலி கைப்பேசியில் சும்மா இருந்தால் போதும், அதைத் திறக்கவே வேண்டியதில்லை. அவுட்லுக்குக்குத் தனியாக ஒரு பின் எண் வைக்கச் சொல்வது, அலுவலகக் கடிதத்தின் வரிகளை வாட்ஸ்அப்பில் ஒட்ட முடியாமல் தடுப்பது, நீங்கள் வேலையை விட்டால் அலுவலகச் செயலிகளுக்குள் இருக்கும் அலுவலகத் தரவை அழிப்பது ஆகியவற்றோடு அலுவலகத்தின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. இரண்டாம் விதத்தில் கைப்பேசியைப் பதிவு செய்யச் சொல்வார்கள். அப்போது 'ஒர்க் புரொஃபைல்' என்ற தனிப் பகுதி உருவாகி, அலுவலகச் செயலிகள் சிறு கைப்பெட்டிச் சின்னத்துடன் வேறாகத் தெரியும். ஒரே வீட்டில் தனிப்பூட்டு போட்ட அறை ஒன்றை அலுவலகத்துக்கு ஒதுக்கியதைப் போன்றது அது. அந்த அறைக்கு வெளியே இருக்கும் உங்கள் புகைப்படங்களும் குறுஞ்செய்திகளும் வாட்ஸ்அப்பும் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. கைப்பேசியின் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, திரைப்பூட்டு இருக்கிறதா என்பது போன்ற விவரங்கள் தெரியும்.

உண்மையில் பயப்பட வேண்டிய இடம் வேறு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கைப்பேசியின் சொந்த மெயில் செயலியில் அலுவலகக் கணக்கைச் சேர்க்கும்போது, சில அலுவலகங்களின் விதிப்படி 'சாதன நிர்வாகி' என்ற அனுமதிப் பக்கம் தோன்றும். 'எல்லாத் தரவையும் அழித்தல்' என்ற வரி அதில் இருந்தால், கைப்பேசியை முழுவதுமாகத் துடைத்துவிடும் அதிகாரத்தை நீங்கள் ஒரே தட்டலில் கொடுக்கிறீர்கள். குழந்தையின் பிறந்தநாள் படங்களும் அதோடு போய்விடும். கம்பெனி போர்ட்டலைக் கண்டு நடுங்குபவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்காமலே 'செயல்படுத்து' என்று தட்டிவிடுகிறார்கள். ஆகவே உங்கள் ஐடி பிரிவில் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: 'நீங்கள் அழித்தால் அலுவலகத் தரவு மட்டும் போகுமா, கைப்பேசி முழுவதும் போகுமா?' முழுவதும் போகும் என்றால் சொந்தக் கைப்பேசியில் சேர்க்காதீர்கள். உலாவியில் அவுட்லுக் பக்கத்தைத் திறந்து கடிதங்களைப் பார்த்துக்கொள்ளலாம், அல்லது அலுவலகமே ஒரு கைப்பேசி தரட்டும்.

கேள்வி: அவுட்லுக் நிறுவியிருக்கிறேன். ஆனால் செயலியைத் திறந்தால்தான் புதிய கடிதங்கள் வருகின்றன.
- வாசகர், ஓசூர்

பதில்: பேட்டரி சேமிப்பின் வேலை. அமைப்புகளில் செயலிகள் பகுதிக்குச் சென்று, அவுட்லுக்கின் பேட்டரிப் பயன்பாட்டைக் கட்டுப்பாடற்றதாக மாற்றுங்கள். சில தயாரிப்பாளர்களின் கைப்பேசிகளில், செயலி தானாகத் தொடங்குவதற்கான 'ஆட்டோ ஸ்டார்ட்' அனுமதியும் தனியாகத் தர வேண்டும். ஒர்க் புரொஃபைல் உள்ளவர்கள், வார இறுதியில் அதை நிறுத்தி வைத்துவிட்டுத் திங்கட்கிழமை மீண்டும் இயக்க மறந்திருக்கிறோமா என்றும் பார்க்கலாம்.

கேள்வி: இந்த மாத இறுதியில் பணியிலிருந்து விலகுகிறேன். கைப்பேசியில் இருக்கும் அலுவலகக் கணக்கை நீக்குவதற்கு முன் எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகி, சென்னை

பதில்: தொடர்பு எண்களை. அலுவலகக் கணக்கு ஒத்திசைவில் இருந்தபோது நீங்கள் சேமித்த எண்களில் சில அந்தக் கணக்கிலேயே பதிவாகியிருக்கக்கூடும். கணக்கை நீக்கியதும் பள்ளி வேன் ஓட்டுநரின் எண்ணும் சேர்ந்து மறைந்துவிடும். தொடர்புகள் செயலியில் ஒவ்வோர் எண்ணும் எந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டுள்ளது என்பதைப் பார்த்து, சொந்த எண்களை உங்கள் ஜிமெயில் கணக்குக்கு மாற்றுங்கள். பிறகு ஒர்க் புரொஃபைலை நீக்குங்கள். இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கான எண்ணைக் காட்டும் ஆத்தென்டிகேட்டர் செயலியில் இருக்கும் அலுவலகப் பதிவை மட்டும் கடைசி நாள் வரை விட்டுவையுங்கள். சம்பளச் சீட்டைப் பதிவிறக்கக்கூட அதன் எண் தேவைப்படலாம்.