மாத்திரை அப்புறம், முதலில் ஒரு வீடியோ

கேள்வி: கிரேட் 2 படிக்கும் என் மகனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனம் நிற்காத, ஓரிடத்தில் இருக்க முடியாத கோளாறு) இருக்கலாம் என்று டீச்சர் எழுதி அனுப்பியிருக்கிறார். காவடிக்குப் போனால் மேளத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்பவனுக்கு அது எப்படி இருக்கும்? இணையத்தில் படித்துச் சர்க்கரையை நிறுத்திவிட்டேன், மீன் எண்ணெய் கொடுக்கிறேன். அக்கா மகனின் ஏ.டி.எச்.டி. மாத்திரையில் பாதியை இரண்டு நாள் கொடுத்தும் பார்த்தேன். எழுதிக்கொண்டே இருப்பவன் சில நேரம் நடுவில் அப்படியே நின்றுவிடுகிறான், கூப்பிட்டால் கேட்பதில்லை. மாத்திரை போட்டால் பிள்ளை பொம்மை மாதிரி ஆகிவிடுவானாமே, வேறு வழி இல்லையா?
- வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: அக்கா மகனின் மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள் அம்மா. அது தென்னாப்பிரிக்காவில் ஷெட்யூல் 6 மருந்து, அதாவது கடும் கட்டுப்பாட்டில் உள்ளது. ஒவ்வொரு மாதமும் புதுச் சீட்டு இல்லாமல் பார்மசியில் தரமாட்டார்கள், அதற்குக் காரணம் உண்டு. மெதுவாகக் கரையும் வகையை உடைத்தால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக உள்ளே போய்விடும். மாத்திரைக்குப் பயப்படுகிற நீங்களே அடுத்த வீட்டு மாத்திரையைக் கொடுத்ததுதான் எனக்குப் புரியவில்லை.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது: எழுதும்போது நடுவில் நின்றுவிடுகிறான். இது வெறும் பகல் கனவாக இருக்கலாம். வலிப்பின் ஒரு வகையாகவும் இருக்கலாம். ஆப்சென்ஸ் வலிப்பு என்போம். கீழே விழமாட்டான், கை கால் இழுக்காது. ஐந்து முதல் இருபது வினாடி வெறித்துப் பார்ப்பான், இமை படபடக்கும், சில பிள்ளைகள் உதட்டைச் சப்புக்கொட்டும். பிறகு ஒன்றுமே நடக்காதது போல விட்ட இடத்திலிருந்து எழுதுவான். ஒரு நாளில் பல தடவை வரும். வகுப்பில் இதற்குப் பெயர் 'கவனமில்லை'.

அடுத்த தடவை அப்படி நின்றால் கத்தாதீர்கள். தோளைத் தொட்டு, "ஐஸ்கிரீம் வேணுமா?" என்று கேளுங்கள். கனவு காண்கிறவன் திரும்பிப் பார்ப்பான். வலிப்பில் இருப்பவனுக்கு ஐஸ்கிரீமும் எட்டாது. போனில் வீடியோ எடுத்துக்கொண்டு இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். மூன்று நிமிடம் வேகமாக மூச்சை இழுத்து ஊதச் சொல்வார்கள், இந்த வலிப்பு இருக்கிற பலருக்கு அப்போதே அது வந்துவிடும். நீங்கள் வீட்டில் அதைச் செய்து பார்க்க வேண்டாம். அப்புறம் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுப்பார்கள். வலிப்புதான் என்றால் அதற்கு நல்ல மருந்து இருக்கிறது. தெரியும்வரை கடலிலோ நீச்சல் குளத்திலோ அவனைத் தனியாக விடாதீர்கள்.

அது இல்லை என்று தெரிந்தபின் ஏ.டி.எச்.டி. பற்றிப் பேசலாம். வீட்டிலும் பள்ளியிலும், ஆறு மாதத்துக்கு மேல் தொந்தரவு இருந்தால்தான் அந்தப் பெயர். காவடி மேளத்துக்கு நின்றான் என்பது எதையும் காட்டாது, பிடித்ததில் இந்தப் பிள்ளைகள் ஒன்றிவிடுவார்கள். சர்க்கரையால் இது வருவதில்லை, 1990களிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். மீன் எண்ணெயில் கிடைப்பது சொற்பம்.

வழி உண்டு. ஆனால் பயிற்சி பையனுக்கு இல்லை, உங்களுக்கு. அடுப்படியிலிருந்து "பல் தேய், ஷூ போடு, பையை எடு" என்று கத்தினால் அவன் காதில் ஒன்றுகூட நிற்காது. பக்கத்தில் போய் உட்காருங்கள். கண்ணைப் பார்த்து, "ஷூ போடு." அவ்வளவுதான். போட்டதும், "சொன்ன உடனே போட்டுட்டியே!" ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள், அதில் ஒரு நட்சத்திரம். ஐந்து சேர்ந்தால் அன்று மாலையே பரிசு. மாதக் கடைசி என்பது ஏழு வயதுக்கு வேறு உலகம். ஆயா வீட்டிலும் இதே சட்டம்தான், ஆயா முகம் சுளித்தாலும் சரி.

வீட்டுப்பாடம் பத்து நிமிடம், பிறகு கேட் வரை ஓடிவிட்டு வரட்டும். இரவு எட்டு மணிக்குப் படுக்கை, போன் வேறு அறையில். இந்த வயதுக்கு ஒன்பது மணி நேரத் தூக்கமாவது வேண்டும். டீச்சரிடம் முன் வரிசை கேளுங்கள், போர்டு அழிக்கும் வேலையை அவனுக்கே கொடுக்கச் சொல்லுங்கள்.

ஆறு வயதுக்குக் கீழே என்றால் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வோம். உங்கள் பையனுக்கு ஏழு. இதெல்லாம் செய்தும் தடுமாறினால் மாத்திரையும் கூடவே தேவைப்படலாம். சரியான அளவில் பிள்ளை பொம்மை ஆவதில்லை. மந்தமாகத் தெரிந்தால் அளவு கூடுதல் என்று அர்த்தம், டாக்டரிடம் சொன்னால் குறைப்பார். போகும்போது டீச்சர் எழுதிய சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்த அந்த இரண்டு அரை மாத்திரைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள்.