டிஃபெண்டர் பையனுக்கு பி.காம். போதாதா?

வியாசர்பாடியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். பிளஸ் டூ முடித்த மகன் கால்பந்தில் டிஃபெண்டர், அதாவது எதிரணியைக் கோல் அடிக்க விடாமல் தடுக்கும் ஆட்டக்காரன். பி.காம். சேர்ந்துகொண்டே ஆட வேண்டும் என்கிறான். பெரியப்பாவோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று நிற்கிறார். முப்பத்தைந்து வயதில் ஆட்டம் முடிந்தால் அப்புறம் என்ன செய்வான் என்பது அம்மாவின் பயம்.

பயம் நியாயம்தான் அம்மா. ஆனால் பிடிக்காத இன்ஜினியரிங் அதற்கு மருந்தாகாது. அரியர் சேர்ந்தால் பந்தும் போகும், பட்டமும் வராது.

இத்தாலியின் ஜார்ஜோ கியெல்லினியைப் பாருங்கள். யுவென்டஸ் என்ற இத்தாலியக் கிளப்பின் டிஃபெண்டர், நாட்டுக்காக 117 ஆட்டங்கள். ஆடிக்கொண்டே டூரின் பல்கலைக்கழகத்தில் 2010இல் வணிகப் பட்டம், 2017இல் நிர்வாகவியல் முதுகலை. ஆய்வேடே யுவென்டஸின் வணிக முறை பற்றியதுதான். 2023 டிசம்பரில், 39 வயதில் ஓய்வு. அடுத்த ஆண்டே அதே கிளப்பில் நிர்வாகப் பொறுப்பு. அவருடைய சம்பளம் எல்லோருக்கும் வராது. ஆடும் காலத்திலேயே படித்தாரே, அது யாருக்கும் முடியும்.

கோச், பி.டி. மாஸ்டர், விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை எல்லாம் உங்களுக்கே தெரியும். யாரும் எட்டிப் பார்க்காத இடம் கிளப் அலுவலகம். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் போட்டிகளில் ஆட ஒரு கிளப்புக்கு வேண்டிய லைசென்ஸுக்குத் தணிக்கை செய்த கணக்கும் ஒரு நிதிப் பொறுப்பாளரும் தேவை. வீரர்களின் ஒப்பந்தம், பதிவு, இடமாற்றம் எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். ஒரு வீரர் நாடு விட்டு நாடு விற்கப்பட்டால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குச் சேர வேண்டும் என்கிறது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி. விற்ற தொகையில், 15 வயது வரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், 16இலிருந்து 0.5. எந்த வயதில் எங்கே ஆடினார் என்ற பதிவு ஒழுங்காக இல்லாத சின்ன கிளப், தனக்குச் சேர வேண்டிய பணத்தைக் கேட்டு வாங்கத் திணறும். கணக்கும் ஆட்டமும் தெரிந்த உங்கள் மகன் உட்கார வேண்டிய நாற்காலி அது.

செலவு விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன். நகையை அடகு வைத்து நன்கொடை கட்டாதீர்கள். வெளிநாட்டு டிரையல் என்று லட்சக்கணக்கில் கேட்கும் அகாடமிக்கும் ஒரு ரூபாய் தராதீர்கள். அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில், கால்பந்து அணி இருக்கிறதா என்று விசாரித்து, காலை ஷிஃப்டில் பி.காம். போடுங்கள். மாலைப் பயிற்சி கெடாது. பெரியப்பாவுக்கு இதை அவனே எடுத்துச் சொல்லட்டும். படிக்கப் போகிறவன் அவன்தான்.