ரைஸ்பால் உண்மையில் எழும்புகிறதா?

கேள்வி: பள்ளி சாஃப்ட்பால் குழுவில் பந்து வீசுகிறேன். ட்ராப்பால் நன்றாக இறங்குகிறது. ரைஸ்பால் (எழும்புவதுபோல் தோன்றும் வீச்சு) மட்டும் நேராகப் போய் அடிபடுகிறது. சுழற்சி போதவில்லையா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: பெரும்பாலும் சுழற்சியில் குறை இருக்காது, சுழலும் அச்சில்தான் இருக்கும்.

ட்ராப்பாலில் பந்தின் முன்முகம் கீழ்நோக்கி உருள்கிறது. அடிப்பக்கம் பின்னோக்கி நகர்கிறது. அதனால் அடியில் ஓடும் காற்று பந்தை விடாமல் ஒட்டி, பின்புறம் வளைந்து மேலேறிப் பிரிகிறது. காற்றை மேலே தள்ளிய பந்து கீழே தள்ளப்படுகிறது. முன்முகம் திரும்பும் பக்கமே பந்தும் போகும் என்று நினைவில் வையுங்கள். நியூட்டன் 1672-இலேயே டென்னிஸ் பந்து வளைவதை எழுதியிருந்தாலும், 1852-இல் சோதித்த ஜெர்மானிய இயற்பியலாளர் மாக்னஸின் பெயரே இந்த விளைவுக்கு நிலைத்துவிட்டது.

பெண்கள் ஆட்டத்தில் வீசும் தூரம் 13.11 மீட்டர். முன்னடி வைத்து விடுவதால் பந்து பறப்பது சுமார் 11.5 மீட்டர்தான். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கு 0.46 விநாடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு பந்தை ஏறத்தாழ 1 மீட்டர் இறக்கும். ரைஸ்பால் ட்ராப்பாலுக்கு எதிர்த்திசையில் சுழல்வதால் விசை மேல்நோக்கி இருக்கும். ஆனால் விநாடிக்கு 20 சுற்று சுழன்றால் கிடைக்கும் மேல்விசை பந்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவே. ஆகவே ரைஸ்பாலின் பாதை மேல்நோக்கி வளைவதில்லை. 30 சென்டிமீட்டர் குறைவாக இறங்குகிறது, அவ்வளவே. வழக்கமான இறக்கத்தை எதிர்பார்த்து வீசிய மட்டை பந்துக்கு அடியில் போய்விடும். அந்த 30 சென்டிமீட்டர்தான் உங்கள் ஆயுதம்.

அதைக் கெடுப்பது மணிக்கட்டு. கதவுக் குமிழைத் திருகுவதுபோல் திருப்பினால் அச்சு பந்து போகும் திசையிலேயே அமைந்துவிடும்; எவ்வளவு சுழன்றாலும் பந்து வளையாது. விரல்கள் பந்துக்கு அடியில் புகுந்து முன்னோக்கி வெட்ட வேண்டும்.

மார்க்கர் பேனாவால் பந்தைச் சுற்றி 1 சென்டிமீட்டர் அகலக் கோடு வரையுங்கள். கோடு கேட்சரை (பந்தைப் பிடிப்பவரை) நோக்கிச் செங்குத்தாக நிற்கும்படி பிடித்து, 5 மீட்டரிலிருந்து மெதுவாக வீசுங்கள். கோடு ஆடாமல் வந்தால் அச்சு சரி. தள்ளாடினால் சாய்ந்திருக்கிறது. கேட்சர் கண்ணுக்குக் கோடு வட்டமடித்தால் மணிக்கட்டைத் திருகுகிறீர்கள். கோடு நிலைக்கும்வரை வேகத்தைக் கூட்டாதீர்கள். மாலை மழையில் திடல் நனைந்திருந்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் முன் பந்தைத் துடையுங்கள். ஈரத்தில் விரல் வழுக்கினால் சுழற்சி குறைந்துவிடும்.

கேள்வி: கடையில் வாங்கிய வழவழப்பான பிளாஸ்டிக் பந்து எதிர்ப்பக்கம் வளைகிறதே?
– வாசகர், அதே ஊர்

பதில்: சில வேகங்களில் அப்படி வளையும். முன்னோக்கி நகரும் பக்கத்தில் காற்று வேகமாக உரசிக் கொந்தளிக்கிறது. கொந்தளித்த காற்று பந்தை விட்டுத் தாமதமாகப் பிரிவதால் விசை தலைகீழாகிறது. சாண்ட்பேப்பரால் பந்து முழுவதையும் தேய்த்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் கொந்தளித்தால் வழக்கமான பக்கத்துக்கே வளையும்.